பம்பரில் பத்து விரல்கள்

தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு அப்பா காரைப் பின்னாலிருந்து தள்ளினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். இஞ்சின் உறுமிவிட்டு அணைந்தது. இறங்கிப் பார்த்தால், வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்த பம்பரில் அவருடைய பத்து விரல்களும் கறுப்பாகப் பதிந்திருந்தன. காரை வாங்க இன்னும் அரைமணியில் ஆள் வருகிறார்.

"தள்ளுற வண்டின்னு எழுதி ஒட்டின மாதிரி இருக்கு. அழிச்சிடும்மா."

துணியால் தேய்த்தேன். போகவில்லை. எண்ணெய் பட்ட இடத்தில் பிளாஸ்டிக்கின் பழைய கறுப்பு திரும்பியிருந்தது.

"அழியாதுப்பா. மிச்சத்தையும் கறுப்பாக்கிடலாம்."

ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் தீர்ந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். "உங்க தலையைவிடக் கறுப்பா இருக்கு."

வாங்க வந்த நல்லசிவம் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பம்பரை ஒற்றை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார். அப்பா வேப்பமரத்தைப் பார்த்தார்.

"நான் என் வண்டிக்கு நல்லெண்ணெய் தடவுவேன்," என்றார் நல்லசிவம். விரலை மீசையில் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, பின்னால் போய், இரண்டு கைகளையும் பம்பரில் ஊன்றி நின்றார்.

"சாவியைப் போடும்மா."