குறை சொல்லாத டெல்பர்ட்

ஒஹாயோவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறோம். பாட்டு இல்லாவிட்டால் பொழுது நகராது. என் எம்பி3 பிளேயர் செத்துப்போனதால், அடுத்து எதை வாங்கலாம் என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

“வெல்கின் கம்பெனியோடது வாங்கு,” என்றாள் கூட வேலை பார்க்கும் ரோண்டா. “என்னோடது ரிப்பேர் ஆச்சு. போன் பண்ணேன், உடனே எடுத்தாங்க, புதுசே அனுப்பிட்டாங்க.”

“ரிப்பேர் ஆனதைப் பெருமையா சொல்றா பாரு,” என்றான் டெல்பர்ட், காதில் ஒயரோடு, காலால் தாளம் தட்டியபடி. “நான் டொனேரோ வாங்கினேன். ஆறு மாசமா தினமும் பாட்டுதான். கம்பெனி மேல ஒரு குறை சொல்ல மாட்டேன்.”

அவன் தலையாட்டலை நம்பி டொனேரோ வாங்கினேன். ஒரே வாரத்தில் அது ஊமையானது.

“யோவ், உன்னாலதான் வாங்கினேன்! அவங்க நம்பரையாவது குடு.”

எண்ணை மனப்பாடமாகச் சொன்னான். போன் போட்டேன். காத்திருக்கச் சொன்னது ஒரு குரல். பிறகு அருமையான கிட்டார் இசை வந்தது. டெல்பர்ட்டின் கால் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒயரை இழுத்தேன். மறுமுனையில் இருந்தது செல்போன்.

“உன் டொனேரோ எங்கேய்யா?”

“அது வாங்கின வாரமே போயிடுச்சு,” என்றான். “ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. யாராவது ஹலோ சொன்னா உடனே வச்சிட்டு மறுபடி போன் போடு. இல்லேன்னா பாட்டு நின்னுடும்.”