முகூர்த்தப் பட்டு

அந்தக் கடையில் முகூர்த்தப் பட்டை எந்தக் கை பிரிக்கிறதோ அந்தக் கையேதான் மடித்துக் கொடுக்க வேண்டும். பொற்கொடி ஒருமுறை அரக்குச் சிவப்புப் புடவையைப் பெண்வீட்டார் முன் விரித்துப் போட்டுவிட்டு, அடக்கமுடியாமல் கழிவறைக்கு ஓடினாள். திரும்புவதற்குள் அவர்கள் சகுனம் சரியில்லை என்று எழுந்து போயிருந்தார்கள். அன்றே அவளைத் தரைத்தளத்தில் துண்டு விற்க அனுப்பினார்கள். வேலை நேரத்தில் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நான்கு வருடம் காய்ந்தாள். மாத்திரைகளும் கைகொடுக்கவில்லை.

போன மாதம் டாக்டர் குழாயை உள்ளே விட்டு, மூத்திரப்பையின் சுவரில் இருபது இடத்தில், அதன் அவசரத்தை அடக்கும் ஊசி போட்டார். "ஆறேழு மாசம் தாங்கும்மா, அப்புறம் திரும்பப் போடணும். சிலருக்கு நீர் பிரியாம அடைச்சுக்கும். அப்படின்னா உடனே வந்துடணும்," என்றார்.

"எத்தனை தடவைன்னாலும் வரேன் சார்."

இன்று அவள் மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவுக்குத் தானே ஏறிப்போனாள். மெத்தையில் ஒரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசர் நாகலிங்கம் பதறி வந்தார். "வேணாம்மா, பெரிய இடம். பாதியில எந்திரிச்சுப் போனீன்னா என் சீட்டும் கிழிஞ்சிடும்."

பொற்கொடி அவர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க, அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலி பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு மெத்தையில் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

"சொல்லுங்கம்மா, பொண்ணுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

"முகூர்த்தப் பட்டாச்சே! நூறு புடவையாவது பாத்துட்டுத்தான் எடுப்போம்," என்றார் பெண்ணின் தாய்.

பொற்கொடி முதல் மடிப்பைப் பிரித்தாள்.