துல்பார் திறந்தது

"சைகல், ஓடி வாம்மா! துல்பார் கண்ணைத் திறக்க மாட்டேங்குது!"

மாவட்ட அலுவலகத் தலைவர் தொக்தோசுன் வாசலிலேயே நின்று கத்தினார். பஜாரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சைகல், குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பையோடு ஓடி வந்திருந்தாள்.

அந்த அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு அமைப்புகள் குடித்தனம் இருந்தன. ஒன்று பழைய விண்டோஸ். இன்னொன்று, கதைகளில் வரும் பறக்கும் குதிரையின் பெயரை வைத்த துல்பார், கிர்கிஸ் நாட்டுக்கென்றே தலைநகரில் உருவாக்கிய சொந்த அமைப்பு. இயந்திரத்தைப் போட்டதும் திரையில் இரண்டு பெயரும் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இன்று இரண்டும் வரவில்லை. துவங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி.

"யாரு அண்ணே கை வெச்சது?"

"குல்பாரா அக்காவோட மருமகன். சுத்தம் பண்ணித் தரேன்னு உட்கார்ந்தான்."

கணக்காளர் குல்பாரா சிலிர்த்துக்கொண்டாள். "சுத்தம்தானே பண்ணினான்? அழுக்கா பண்ணினான்?"

"அதை விடுங்க அக்கா!" தொக்தோசுன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "மத்தியானம் தலைநகர்லேர்ந்து கமிஷன் வருது சைகல். துல்பார் எல்லா ஊர்லேயும் ஓடுதான்னு பார்க்கிறாங்க. ரெண்டு அமைப்போட பெயரும் திரையில தெரிஞ்சாகணும். இல்லேன்னா என் நாற்காலி போச்சு. நாற்காலி போனா நான் உனக்கு வாங்கித் தர்ற பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் போச்சு."

சைகலுக்குச் சோறு போடுவதே அந்தப் பள்ளிக்கூட வேலைகள்தான்.

அவள் தன் பென் டிரைவைச் செருகி, அதன் வழியாக இயந்திரத்தை எழுப்பினாள். வட்டின் முகப்பில் எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் பகுதியை மருமகன் துடைத்து வைத்திருந்தான். அதைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை.

"துல்பார் மாதிரி வருமா! ஒரு நாளாவது தொங்கியிருக்கா?" என்றான் எழுத்தர் எர்மெக்.

"எழுத்தெல்லாம் முத்து முத்தா இருக்கும். நாள் பூரா பார்த்தாலும் கண் வலிக்காது" என்றாள் குல்பாரா.

"விண்டோஸைத் தொட்டே மாசக்கணக்காச்சு" என்றார் தலைவர்.

சற்று நேரத்தில் இரண்டு பெயர்களும் திரையில் வந்து நின்றன. தொக்தோசுன் துள்ளினார். "போதும்! கையை எடு! இப்படியே விட்டுடு!"

"உள்ளே போய்ப் பார்க்கணும் அண்ணே."

"எதுக்கு? அதான் பேர் வந்தாச்சே!" அவர் ஆட்டுக்கறி வெந்துவிட்டதா என்று பார்க்கச் சமையல்கட்டுக்கு ஓடினார்.

சைகல் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தாள். திறந்தது. துல்பாரைத் தேர்ந்தெடுத்தாள். மறுபடியும் கறுப்புத் திரை. துல்பார் இருக்க வேண்டிய பாதி வட்டைத் தோண்டிப் பார்த்தாள். ஒரு கோப்புகூட இல்லை. துடைத்து விட்டதுபோல் காலி.

சற்று முன்புகூட இவர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்த அமைப்பு. தான் திருப்பி எழுதியதில்தான் மொத்தமும் அழிந்திருக்க வேண்டும்.

"அக்கா, துல்பார் வந்த குறுந்தகடு இருக்கா?" என்றாள்.

குல்பாராவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது... எங்கேயோ பத்திரமா வெச்சிருக்கோம். தேடினா கிடைக்காது."

சைகல் எல்லோரையும் வெளியே அனுப்பினாள். பென் டிரைவில் எப்போதும் வைத்திருக்கும் இலவச லினக்ஸை அந்தப் பாதியில் போட்டாள். மொழியைக் கிர்கிஸுக்கு மாற்றினாள். பின்னணியில் பனிமலை, அதன் மேல் பறக்கும் ஒரு குதிரை. பெயர், துல்பார். தினமும் பார்க்கிற கண்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுமே என்று எழுத்தையும் முத்து முத்தாக மாற்றினாள்.

கமிஷன் வந்தது. அதன் தலைவர் எசென்கானோவ்தான் துல்பாரை உருவாக்கிய நிறுவனத்துக்கும் தலைவர். தொக்தோசுன் இயந்திரத்தைப் போட்டார். திரையில் இரண்டு பெயர்கள்.

"அருமை!" எசென்கானோவ் கை தட்டினார். "போட்டோ எடுங்கப்பா. ஆச்சு, வாங்க. கறி ஆறிடப் போகுது."

எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். சைகல் தவித்தாள். தான் பக்கத்தில் இருக்கும்போதே, உருவாக்கியவரே இந்த அவசரத்தில் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"ஒரு நிமிஷம் ஐயா, திறந்தே காட்டிடறேன்."

"வேண்டாம்மா!" எசென்கானோவும் தொக்தோசுனும் ஒரே குரலில் பதறினார்கள். அதற்குள் அவள் விரல் அழுத்திவிட்டது.

பனிமலை விரிந்தது. குதிரை பறந்தது. கிர்கிஸ் மொழியில் நல்வரவு வந்தது.

குல்பாரா வாயைப் பொத்திக்கொண்டாள். எர்மெக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தான். தொக்தோசுன் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்காரப் போனார்.

கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சைகலுக்குத் தெரிந்துபோயிற்று.

எசென்கானோவ் அவள் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது. அவள் அழுதேவிட்டாள்.

"மன்னிச்சுடுங்க ஐயா! நீங்க பண்ணின துல்பாரை நான்தான் கைதவறி அழிச்சுட்டேன். இது வேற!"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"என்னத்தைம்மா அழிச்சே? அதை நாங்க இன்னும் எழுதவே ஆரம்பிக்கலையே!"