மாரித்தாயின் கைநாட்டு

“மை டப்பாவைக் கொஞ்சம் இங்கன தள்ளுங்க சார்” என்று இடது பெருவிரலை நீட்டினாள் மாரித்தாய்.

பக்கத்தில் நின்ற பொன்னுத்தங்கம் டீச்சருக்கு முகமே மாறிவிட்டது.

“ஏ மாரித்தாய்! கைநாட்டா வைக்கப்போற? அறிவொளி வகுப்புல நாப்பத்தோரு நாள் உன் கையைப் பிடிச்சு எழுதப் பழக்குனேனே! அஞ்சே எழுத்து. மா, ரி, த், தா, ய். அதுவுமா மறந்துபோச்சு?”

“மறந்துபோச்சு டீச்சர்.”

சூலக்கரையில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் நோட்டரி வக்கீல் லட்சுமிகாந்தத்தின் அறை. வெளியே பெஞ்சில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

மாரித்தாயின் கணவர் கோட்டைச்சாமி பட்டாசுக் கம்பெனி வெடி விபத்தில் இறந்து அன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள். கம்பெனி மேனேஜர் சீனிவாசகம், “நிவாரணத்துக்கு இந்தச் சத்தியப் பத்திரம் வேணும்” என்று ஆங்கிலத்தில் அடித்துக் கொண்டுவந்திருந்தார். மூன்று தாள். மூன்றிலும் டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாயிற்று. மாரித்தாய் போட்டால் வேலை முடிந்தது.

“உங்க வகுப்புல படிச்ச லட்சணமா டீச்சர் இது?” என்று சிரித்தார் சீனிவாசகம்.

லட்சுமிகாந்தம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “கைநாட்டுன்னா நேரமாகும். ஜூரட் கொஞ்சம் நீளம்.”

“அது என்ன சார் ஜூரட்டு?” என்று கேட்டாள் மாரித்தாய்.

“சத்தியப் பத்திரத்துல கடைசியா நான் எழுதுற வாசகம். இன்ன தேதியில, இன்ன ஊர்ல, என் முன்னால சத்தியம் பண்ணாங்கன்னு. கையெழுத்துப் போடுறவங்களுக்கு அதோட சரி. வாசிச்சுட்டுத்தான் போடுறாங்கன்னு ஒரு நம்பிக்கை. கைநாட்டுன்னா, ‘முழுசும் தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன், புரிஞ்சுதுன்னு சொன்னாங்க’ன்னு சேர்த்து எழுதணும். எழுதணும்னா வாசிக்கணும்.”

அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாரித்தாய்க்கு முன்னால் வந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு இரண்டு நிமிஷத்தில் போய்விட்டார்கள். நான்காவது ஆள் வெம்பக்கோட்டை விவசாயி ஊர்க்காவலன். கைநாட்டு. அவருக்கு மட்டும் இருபது நிமிஷம்.

“அதெல்லாம் வேண்டாம் சார்” என்று அவசரப்பட்டார் சீனிவாசகம். “டீச்சர், நீங்க ஒரு தாள்ல எழுதிக் காட்டுங்க. இந்தம்மா பார்த்து வரையட்டும்.”

டீச்சர் ஐந்து எழுத்தையும் பெரிதாக எழுதிக் காட்டினார். மாரித்தாய் பார்த்தாள்.

“வரமாட்டேங்குது டீச்சர்.”

பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏம்மா, சட்டுனு ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு வருவியா! எங்களுக்கு பஸ் போயிரும்ல?”

“என் மானத்தை வாங்கிட்டியே” என்று முணுமுணுத்தார் டீச்சர்.

லட்சுமிகாந்தம் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பெயர், வயது, ஊர். முதல் தாள் முடிந்தது. இரண்டாம் தாளில் ஏழாவது வரியில் நிறுத்தினார். மேனேஜரை ஒருமுறை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“‘கம்பெனி தடை செய்திருந்தும் என் கணவர் கோட்டைச்சாமி பீடி பற்றவைத்தார். அதனால்தான் விபத்து நடந்தது.’”

“என்னது!” என்றார் டீச்சர்.

“எங்க வீட்டுக்காரரு பீடியத் தொட்டதே இல்ல சார்” என்றாள் மாரித்தாய். “நாலு பேரு உக்காரவேண்டிய ரூம்ல அன்னைக்கு ஒம்பது பேரு இருந்தாக. தீவாளி ஆர்டருன்னு இவுகதான் உக்கார வச்சாக. அதை எழுதுங்க.”

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு அடிச்சது சார்…” சீனிவாசகம் தாள்களை எடுக்கக் கையை நீட்டினார்.

அதற்குள் லட்சுமிகாந்தம் மூன்று தாளிலும் குறுக்கே கோடு போட்டுவிட்டார். “சத்தியம் பண்றது இந்தம்மா. அவங்க சொல்றதுதான் இதுல இருக்கணும்.”

சீனிவாசகம் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அது அடிக்கவே இல்லை.

புதுத் தாளில், மாரித்தாய் சொன்னதை அப்படியே தமிழில் எழுதினார் லட்சுமிகாந்தம். பதினான்கு வரி. மாரித்தாய் அதை வாங்கி, விரல் வைத்து எழுத்துக்கூட்டி, பதினான்கு வரியையும் வாசித்து முடித்தாள்.

லட்சுமிகாந்தம் மை டப்பாவைத் திறந்து வைத்தார். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

மா, ரி, த், தா, ய். ஐந்து எழுத்து, இரண்டு புள்ளி. ஒன்றும் பிசகவில்லை.

“அடிப்பாவி! மறந்துபோச்சுன்னியே?” என்றார் டீச்சர்.

“எனக்கு இங்கிலீசு தெரியாதே டீச்சர். கைநாட்டு வச்ச பெரியவருக்குத்தான சார் வாசிச்சுக் காட்டுனாரு?” என்ற மாரித்தாய், கோடு போட்ட தாள்களைப் பார்த்தாள். “நீங்க மூணு எடத்துல கையெழுத்துப் போட்டிருக்கீகளே, உங்களுக்கு யாராச்சும் வாசிச்சுக் காட்டுனாகளா?”