பக்கத்து நாட்டு எழுத்து

பாலிதீன் பையிலிருந்து கருகிய கேஸ் ரெகுலேட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார் அத்தான்.

தீக்காயப் பிரிவு வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் அதைப் பேனாவால் புரட்டினார். மேலெல்லாம் கரி. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் பாதி தப்பியிருந்தது.

"எழுத்தைப் பார்த்தாலே தெரியுதே, பக்கத்து நாட்டுச் சாமான். ஊரான் வீட்டுக்குத்தானேன்னு செஞ்சு அனுப்புறானுங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா. எழுபது சதவீதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி கடவுள் விட்ட வழி என்றும் சொல்லிவிட்டார். கையை விரிப்பதை எவ்வளவு மரியாதையாகச் செய்கிறார்கள்!

தங்கை ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த எழுத்தை அங்கே ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் அது தலைகீழாக ஒட்டியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் வேலை பார்ப்பது ரெகுலேட்டர் கம்பெனியில், சோதனை மேசையில். தண்ணீரில் முக்கிப் பிடிக்க வேண்டும். குமிழி வராவிட்டால் நம் நாட்டின் பெயர் பொறித்துக் கப்பலேற்றுவார்கள். வந்தால் சிவப்புக் கூடை.

போன மாதம் சிவப்புக் கூடைகள் அவள் மேசைக்கே திரும்பி வந்தன. கூடவே இந்த ஸ்டிக்கர் கட்டு. உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்பப் போகிறோம், நம் நாட்டுப் பெயர் கெடக்கூடாது, அவ்வளவுதான் என்றார் சூப்பர்வைசர். ஒட்ட உட்கார்ந்தது அவள் ஒருத்தி. முதல் நாள் முழுக்கத் தலைகீழாக ஒட்டி, மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அக்கா வீட்டுக்கு வந்தது அந்த முதல் நாள் சரக்கு.

போலீஸ்காரர் எழுதி முடித்தார். வெளிநாட்டுக்காரனை எங்கே போய்ப் பிடிப்பது என்று அலுத்துக்கொண்டே, சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை அவளிடம் நீட்டினார்.

வாயைத் திறந்தால் வேலை போகும். போனால் போகிறது. அத்தான் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தப் பயம்தான் கையெழுத்துப் போட்டது.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். இரண்டு நாளாக அழுது வீங்கிய முகத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

"உங்கக்கா வீட்டுக்கு வர்றதுக்குள்ள உங்க கம்பெனியிலருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்து மாட்டிடும்மா. நம்ம நாட்டுச் சாமானா இருக்கட்டும். நீ சோதிச்சதா இருக்கட்டும்."

"சரிங்க அத்தான்" என்றாள்.