ஏறத் தெரிந்தவர்கள்

மூன்றாவது தடவையாக எல்லோரையும் இறங்கச் சொன்னபோது பெரியக்கா மட்டும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

காலையிலிருந்து விமானக் கொட்டகைக்குள் இதே கூத்துதான். அறுபது பேர் கையில் பெட்டியோடு பயணிகளாக நடித்து ஏறுவது, உட்காருவது, இறங்குவது. எந்த முறையில் ஏறினால் நேரம் மிச்சமாகும் என்று கம்பெனி அனுப்பிய ஸ்டாப்வாட்ச்காரர் அளந்துகொண்டிருந்தார்.

முதலில் பின்வரிசைக்காரர்களை ஏற்றினார். அத்தனை பேரும் வால்பக்கத்தில் முட்டிமோதி நின்றார்கள். பதினான்கு நிமிடம்.

அடுத்தது, ஜன்னலோரத்தார் முதலில், நடைபாதையோரத்தார் கடைசியில். காகிதத்தில் லட்சணமாகத்தான் இருந்தது. அம்மாவாக நடித்தவள் உள்ளே போய்விட, நாற்பது வயது ‘மகன்’ வாசலில் நின்று நிஜமாகவே அலறினான். பன்னிரண்டு.

மூன்றாவது, முந்தியவருக்கு இடம். வேகம் இருந்தது, கூடவே முழங்கை இடியும் ஒரு சண்டையும் இருந்தன. பதினொன்று.

ஒன்பதுக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் குறைகிற நிமிடங்களைக் கம்பெனி வேறு எங்கிருந்தாவது பிடுங்கிக்கொள்ளும். எங்கிருந்து என்று ஸ்டாப்வாட்ச்காரர் யோசிக்கவில்லை. பெரியக்காவுக்குத் தெரியும்.

இந்த ஜனங்களுக்கு எந்த முறையும் சரிப்படாது என்று அவர் சலித்துக்கொண்டது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதுவரை சார் போட்டுக்கொண்டிருந்தவள் அதை விட்டாள்.

“இறங்குறோம் தம்பி. ஆனா இந்தத் தடவை நீங்க வாட்ச்ச மட்டும் பாருங்க, ஏறுறத நாங்க பாத்துக்கறோம்.”

கீழே வந்து அறுபது பேரிடமும் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். நடைபாதையை மறித்து நின்று பெட்டியைத் தூக்காதே, உன் வரிசைக்குள் ஒதுங்கி நின்று தூக்கு.

யார் முதலில் என்று யாரும் கேட்கவில்லை. எட்டாதவரின் பெட்டியைப் பக்கத்தில் இருந்தவர் வாங்கி வைத்தார். தலைக்கு மேலே பெட்டி வைக்கும் அறையின் இறுகிக்கொள்ளும் கதவை எங்கே தட்டினால் திறக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எட்டு நிமிடம், நாற்பது விநாடி.

ஸ்டாப்வாட்ச்காரர் வாயைப் பிளந்தார். இந்த முறைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் வந்தார். பெரியக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் மாட்டியிருந்த நீலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கையுறையை இழுத்து மாட்டினாள். இன்னும் பதினொரு பேர் அதே நீலக் கோட்டு போட்டு வாளியும் துணியுமாக வந்து நின்றார்கள். மற்றவர்கள் அடுத்தடுத்த விமானங்களைச் சுத்தம் செய்யக் கிளம்பினார்கள்.

ஒரு விமானத்தைக் கூட்டித் துடைக்க அவர்களுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம். கம்பெனி கைவைக்க இருந்தது அதில்தான்.

ஸ்டாப்வாட்ச்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில் அவருடைய கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது.

பெரியக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

வாட்ச் அவருடைய சட்டைப்பைக்குள் போயிற்று.