முறைத் தண்ணீர்

"இன்னிக்கு நைட்டு ஏரித் தண்ணி என் முறை சார். போவலன்னா கதிரெல்லாம் பதராப் பூடும்."

இந்தத் தடவை லீவுக்காக மாமனாரைச் சாகடிக்காமல் சுப்பன் உண்மையையே சொன்னான்.

கம்பெனியின் பர்சனல் ஆபீசர் புருஷோத்தமன் தலையாட்டினார். பேனாவைத் திருகி மூடினார். லீவு உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை.

சுப்பனுக்கு அன்று நைட் ஷிஃப்ட். அந்த ஷிஃப்ட் என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார். மனிதர் இங்கிலீஷ் எம்.ஏ. ஒரு சொல் கையில் சிக்கினால் வேர்வரைக்கும் தோண்டாமல் விடமாட்டார்.

சுப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

தொண்ணூற்றொன்று மாசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. ஆளுக்கு அரை ராத்திரிதான் தண்ணீர். முறைக்காரன் வந்து நிற்காவிட்டால், தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி மடையை அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவார்.

அடுத்த வயல் கன்னியப்பனுடையது. மீதி அரை ராத்திரி அவன் முறை. பெரியப்பா மகன். இதே கம்பெனியில் காலை ஷிஃப்ட்.

அது பழைய ஜெர்மானியச் சொல் என்றார் ஆபீசர். இடம் மாற்றுவது, துணி மாற்றுவது எல்லாம் பின்னால் வந்து ஏறிய அர்த்தங்களாம். ஆலை வேலைக்கு அந்தப் பெயர் வந்தது அதற்கும் பின்னால். முதல் அர்த்தம் பிரிப்பது. இது உனக்கு, அது அவனுக்கு என்று பாகம் போட்டு ஒதுக்குவது.

பாகம் என்றதும் சுப்பனுக்கு வாய் கசந்தது. பாகம் பிரித்தபோது வரப்பு ஒரு முழம் தள்ளிப்போனதில்தான் கன்னியப்பனோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. இன்று ராத்திரி தான் மிஷின் முன்னால் மாட்டிக்கொண்டால், அவன் வயல் விடியவிடியக் குடிக்கும். அந்த நினைப்பே பற்றி எரிந்தது.

சொல்லித் தொலையுங்கள் சார் என்று மனசுக்குள் கும்பிட்டான்.

ஆபீசர் ஒருவழியாக ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தார்.

"நீ கிளம்புப்பா. உன் நைட்டைத் தானே பாத்துக்கறேன்னு கன்னியப்பன் காலையிலயே வந்து சொல்லிட்டாரு. அவரு வயலுக்கும் நீயே தண்ணி கட்டிடணுமாம்."

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. ஆபீசருக்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றாமல் சுப்பன் வெளியே வந்தான்.

சைக்கிளை நேரே கன்னியப்பன் வீட்டுக்கு விட்டான். அவன் வயலுக்கு எந்தப் பக்கம் மடை என்று கேட்க வேண்டுமே.

அது சுப்பனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.